கையில் வாங்கிய கால்

லாரி ஆபீஸில் அவருக்குக் கொக்கு என்று பேர். வைத்தவர்கள் டிரைவர்கள். விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய், கக்கத்தில் கட்டையை இடுக்கிக்கொண்டு அவர் முதன்முதலாகத் திரும்பி வந்த அன்றே, எவனோ ஒருவன் லாரிக்கு அடியில் படுத்து வேலை பார்த்தபடியே அந்தப் பேரைச் சூட்டிவிட்டான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுவரை அவரும் அவர்களோடு வண்டி ஓட்டியவர்தான். பட்டப்பேர் இல்லாதவனை டிரைவர்கள் ஆளாகவே மதிப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். "கொக்குன்னு பேரு மட்டும் வச்சுட்டீங்க, மீனு ஒண்ணும் மாட்டக் காணோம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

முதலாளி அவரைக் கைவிடவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து பார்சல் கவுண்டரில் உட்காரவைத்தார். எடை போடுவது, ரசீது எழுதுவது, வந்த பெட்டியை உரியவரிடம் தள்ளிவிடுவது. பெட்டி நசுங்கி வந்தால், உள்ளே கண்ணாடி உடைந்திருந்தால், ஆட்கள் அவரிடம்தான் வந்து கத்துவார்கள். அவர் தலையை நிமிர்த்தாமல் ரசீதின் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டுவார். 'சேதத்துக்கும் இழப்புக்கும் கம்பெனி பொறுப்பல்ல' என்று பொடி எழுத்தில் அங்கே அச்சடித்திருக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவரே படித்துச் சொல்வார். அதற்குமேல் யாரும் பேசியதில்லை.

உட்கார்ந்தே இருந்ததில் உடம்பு ஊதிப்போய் முதுகும் பிடித்துக்கொண்டது. நீந்துங்கள் என்றார் டாக்டர். ஒற்றைக் காலோடு நீந்துவதா என்று மனைவி பயந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், எதற்கும் ஒரு மாத்திரை இருக்கும் என்று நம்புகிறவள். ஆனால் அவர் போனார். முதல் தடவை தண்ணீரில் இறங்கியபோது மூக்கில் தண்ணீர் ஏறித் திணறிவிட்டார். பழகப் பழக, உலகத்திலேயே அவருக்குப் பிடித்த இடம் அதுதான் என்று ஆகிவிட்டது. கழுத்தளவு தண்ணீரில் யாருக்கு எத்தனை கால் என்று எவனும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. கரையில் நொண்டுகிறவர் தண்ணீரில் சின்னப் பையன்களை முந்திக்கொண்டு போனார்.

நீச்சல் குளத்து வாசலில் ஒரு கவுண்டர் உண்டு. சாவி, கடிகாரம், பை எல்லாவற்றையும் அங்கே கொடுத்துவிட்டு ஒரு பித்தளை டோக்கனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போகவேண்டும். கவுண்டரில் இருந்த பெண்ணை எல்லோரும் டோக்கன் அக்கா என்றே அழைத்தார்கள். இவரும் அவளை அக்கா என்றார். அவள் இவரை அண்ணே என்றாள். உண்மையில் யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை.

மற்றவர்கள் கடிகாரத்தைக் கழற்றித் தருவதுபோல் இவர் காலைக் கழற்றித் தருவார். ஈரத் தரையில் அது வழுக்கும், உள்ளே நீர் போனால் கெட்டும்போகும். பெஞ்சில் உட்கார்ந்து பட்டையை அவிழ்த்து, காலைப் பிடுங்கி, செருப்பும் அதுவுமாகவே நீட்டுவார். அக்கா முகம் சுளிக்காமல் இரு கைகளாலும் வாங்கி, ஒரு துண்டில் சுற்றி, கீழ்த்தட்டில் படுக்கவைப்பாள். குழந்தையை வாங்குகிற மாதிரி இருக்கும். "இன்னிக்குக் கொஞ்சம் கனமா இருக்கேண்ணே, வழியில எங்கயாவது சாப்பிட்டு வந்துச்சா?" என்பாள். அவர் கூடவே கொண்டுவந்த கட்டையை ஊன்றிக்கொண்டு சிரித்தபடியே குளத்துக்குப் போவார்.

அந்தக் காலின் அருமை அவருக்குத்தான் தெரியும். முதலில் செய்து கொடுத்த கால் சதையைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கியது. இரண்டாவதைச் செய்தவர் பொறுமைசாலி. அச்செடுத்து, தேய்த்து, போட்டுப் பார்த்து, திரும்ப அச்செடுத்து, ஒரு வழியாக அது காலோடு காலாக வந்து அமர்ந்தது. அன்று வீட்டுக்கு வந்தவர், மனைவியிடம் தண்ணீர் கேட்காமல் தானே அடுக்களைக்குப் போய் ஒரு சொம்பு மொண்டு, நின்றபடியே குடித்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்தக் கால் ஒரு நாள் காணாமல் போனது. மறுநாள் குளத்தில் போட்டி நடப்பதாக இருந்தது. பெரிய மனிதர்கள் வரப்போகிறார்கள் என்று மேனேஜர் காலையிலிருந்து காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர்போல ஓடிக்கொண்டிருந்தார். கவுண்டருக்குள் எட்டிப் பார்த்தவர் கண்ணில் துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதம் பட்டது. என்ன கண்றாவி இது, பிரேதத்தின் கால் மாதிரி, விருந்தாளி இப்போதே பார்வையிட வந்தாலும் வந்துவிடுவார், தூக்கிப் பின்னறையில் வை என்றார். அக்கா எடுத்துப் போய் வைத்தாள். அவள் திரும்பி வந்ததும் தோரணம் கட்ட ஆள் போதவில்லை என்று அவளையும் தெரு வாசலுக்கு அனுப்பிவிட்டார். அந்த நேரம் பார்த்து அவரே வரச்சொல்லியிருந்த பழைய இரும்புக்காரர் வண்டியோடு வந்து, பின்னறையில் கிடந்த உடைந்த நாற்காலி, துருப்பிடித்த ஏணி எல்லாவற்றையும் வாரிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். 'அங்க இருக்கிறது எல்லாத்தையும் எடுத்துக்க' என்று சொல்லியிருந்தார்கள். எடுத்துக்கொண்டார்.

கொக்கு குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வந்து டோக்கனை நீட்டினார். அக்கா அதை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டுப் பின்னறைக்குப் போனாள். போனவள் வரவில்லை. பிறகு வந்தாள், வெறுங்கையோடு.

மேனேஜரைக் கூப்பிட்டார்கள். அவர் முதலில் இவருடைய முழங்காலைப் பார்த்தார், பிறகுதான் முகத்தைப் பார்த்தார். வருத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சுவரில் இருந்த போர்டைக் காட்டினார். 'இங்கே விட்டுச் செல்லும் பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.'

"விலை உசந்த சாமானை எல்லாம் வீட்டுலயே வச்சுட்டு வரணும் சார். எல்லாருக்கும் அதான் சொல்றோம்."

"காலை வீட்டுல வச்சுட்டு நான் எப்படி சார் வர்றது?"

பக்கத்தில் நின்ற ஒரு பையன் சிரித்துவிட்டான். மேனேஜர் சிரிக்கவில்லை. விருந்தாளிக்கு நாற்காலி போட்டாயிற்றா என்று யாரையோ கேட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார். கொக்கு ஈரம் காயாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் பேன்ட் தரையைத் தொட்டுக்கொண்டு தொங்கியது. அக்காதான் அதை மடித்து ஊக்கு குத்திவிட்டாள்.

மைத்துனன் வண்டியோடு வந்து அவரைப் பழைய இரும்புக் கடைக்கு அழைத்துப் போனான். கடைக்காரர் நல்ல மனிதர். தெரியாமல் உடைத்துவிட்டேன் என்று கையைப் பிசைந்தார். உள்ளே இருந்த குழாயை எடுப்பதற்காக மேல் கூட்டைப் பிளந்திருந்தார்கள். குழாய் கைமாறிப் போயிருந்தது. செருப்பு மட்டும் சேதமில்லாமல் இருந்தது. அதைத் துடைத்து ஒரு தாளில் சுற்றிக் கொடுத்தார் அவர்.

புதுக் கால் கிடைக்கும்வரை பழைய காலைப் போடுவது என்று ஆயிற்று. அலமாரி மேலிருந்து மனைவி அதை இறக்கித் தூசி தட்டித் தந்தாள். ஒரே வாரத்தில் புண் வந்தது. புண்ணில் சீழ் வைத்தது. கவுண்டரில் வேறு ஆளைப் போட்டிருக்கிறேன், உடம்பைப் பார்த்துக்கொள் என்று முதலாளி சொல்லியனுப்பினார். இப்போதைக்கு என்பதுபோல்தான் சொன்னார். குளத்திலிருந்தும் ஓர் ஆள் வந்தான். நிர்வாகம் பெருந்தன்மையோடு ஒரு வருஷம் இலவசமாக நீந்த அனுமதிக்கிறதாம், ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதுமாம். மனைவி அவனை வாசலிலேயே நிறுத்தி, "அவரு கட்டிலை விட்டே இறங்க முடியாம கிடக்காரு. நீங்க குளத்தை வேணா இங்க தூக்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் கேஸ் போடுவது என்ற பேச்சே வந்தது. மைத்துனன் ஒரு வக்கீலம்மாவிடம் குமாஸ்தா. சட்டத்தைக் கரைத்துக் குடித்தவன்போல் பேசுவான், ஆனால் இந்தத் தடவை அவன் பேசவில்லை, அவரை நேரே கூட்டிக்கொண்டு போனான். வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போர்டைப் பற்றிக் கவலைப்படவேண்டாம் என்றார். நீங்களாகவே பெஞ்சில் வைத்துவிட்டுப் போயிருந்தால் அது உங்கள் பாடு. ஆனால் உங்கள் கையிலிருந்து அவர்கள் கையில் வாங்கி, பத்திரமாக வைத்திருந்து தருகிறோம் என்று டோக்கனும் கொடுத்துவிட்டால், அந்த நிமிஷமே பொறுப்பு அவர்கள் தலையில் ஏறிவிடுகிறது. தன்னுடைய பொருளைப் போலப் பார்த்துக்கொள்ளவேண்டும். சுவரில் ஒரு பலகையை மாட்டி அதைக் கழற்றி வைத்துவிட முடியாது.

கொக்கு இதைக் கேட்டு மகிழ்ந்திருக்க வேண்டும். அவர் ரசீதின் பின்பக்கத்தை நினைத்துக்கொண்டிருந்தார். எத்தனை பேரை அந்தப் பொடி எழுத்தைக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"டோக்கன் எங்க?" என்று வக்கீலம்மா கேட்டார்.

டோக்கனைத்தான் அன்றே திருப்பிக் கொடுத்தாயிற்றே. அது ஆணியில் தொங்குகிறது, அல்லது வேறு யார் கழுத்திலாவது. அவர் காலைக் கொடுத்தார் என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சி, அதை வாங்கிய அக்கா.

அவள் வீடு மாடியில். கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். மேலே போய்ச் சேர்ந்தபோது புண்ணின் கட்டு நனைந்திருந்தது. அக்கா பதறிப்போய் ஸ்டூலை எடுத்துப் போட்டாள். ஒரே அறை. சுவரோரம் அவள் புருஷன் பக்கவாதத்தில் படுத்திருந்தான். கண் மட்டும் வந்தவரைத் தொடர்ந்தது. ஜன்னலருகே மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். காலை அவள் வாங்கவேயில்லை, அந்த ஆளே பெஞ்சடியில் வைத்துவிட்டுப் போனார், இதைத்தான் சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார். அவள் அதை மறைக்காமல் சொன்னாள்.

"எனக்கு இருக்கிறது இந்த ஒரு வேலைதாண்ணே."

"தெரியும்க்கா. வாங்கினீங்களா இல்லையான்னு அது ஒண்ணை மட்டும் சொல்லுங்க, போதும். வேற எதுவும் வேண்டாம்."

அவள் புருஷனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். புத்தகத்தில் பக்கம் திரும்பவில்லை.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாம நான் பாத்துக்கறேன்" என்றார் கொக்கு.

எதை வைத்துப் பார்த்துக்கொள்வார் என்று அவள் கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் வாயில் வந்தது, சொன்னார். இறங்கும்போது அவளே கூட வந்து தோளைக் கொடுத்தாள்.

விசாரணை நடந்த அறை பள்ளிக்கூட வகுப்பு மாதிரி இருந்தது. மின்விசிறி காகிதங்களைத் தூக்கிக்கொண்டே இருந்ததால் அதை நிறுத்திவிட்டு எல்லோரும் வியர்த்தார்கள். குளத்துக்காரர்களின் வக்கீல் வாய்ச்சாலக்காரர். கால் ஒரு பொருள், ஆகவே போர்டு அதற்கும் செல்லும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கால் உடம்பின் பாகம், மனித உடம்பின் பாகங்களை வாங்கி வைக்கும் வழக்கம் நிர்வாகத்துக்கு இல்லை என்றார். வக்கீலம்மா எழுந்து, "பொருள்னா போர்டு, உடம்புன்னா வாங்கவே இல்ல. முதல்ல அவங்களே ஒரு முடிவுக்கு வரட்டும்" என்றார். நடுவில் இருந்த நீதிபதி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

பிறகு அந்த வக்கீல் கொக்கிடம் திரும்பினார். என்ன வேலை என்றார். சொன்னார்.

"உங்க ரசீதுக்குப் பின்னாடி என்ன போட்டிருக்கு?"

"சேதத்துக்கும் இழப்புக்கும் கம்பெனி பொறுப்பல்லன்னு போட்டிருக்கு."

"அதைக் காட்டித்தானே ஆளுங்களைத் திருப்பி அனுப்புறீங்க?"

"ஆமா."

"அனுப்பும்போது அது நியாயம்னு நினைச்சீங்களா?"

கையிழந்த பொம்மை ஒன்றை வைத்துக்கொண்டு கவுண்டரில் நின்ற ஒரு தகப்பன் ஞாபகத்துக்கு வந்தான். அங்கே எத்தனை பேர் அழுதார்கள் என்று யார் கணக்கு வைத்தார்கள். "நினைச்சுப் பாக்கல சார்" என்றார். அறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மூக்குடைபட்டவர்போல் வந்து உட்கார்ந்தார். கேஸ் அத்தோடு போயிற்று என்றே நினைத்தார்.

அக்கா வந்தாள். கடைசிவரை வரமாட்டாள் என்றுதான் மைத்துனன் சொல்லிக்கொண்டிருந்தான். சலவை செய்த புடவை, கையில் ஒரு பை, அதற்குள் மதிய ஷிப்டுக்கான சாப்பாடு. மேனேஜர் முதல் வரிசையில் இருந்தார். அவரைத் தாண்டித்தான் அவள் போகவேண்டியிருந்தது.

"வாங்கினேன்" என்றாள். "ரெண்டு கையாலயும் வாங்கினேன். எப்பவும் நான்தான் வாங்குவேன். துண்டுல சுத்தி வச்சேன். சார்தான் பின்னறையில தூக்கி வைக்கச் சொன்னாரு, வச்சேன். அண்ணன் டோக்கனைக் கொடுத்துக் கேட்டாரு, என்னால கொடுக்க முடியல."

அவ்வளவுதான் சொன்னாள். எதிர் வக்கீல் என்னென்னவோ கேட்டுப் பார்த்தார். அவள் இதையே திரும்பவும் சொன்னாள். மதிய ஷிப்டுக்கு நேரமாகிறது, போகலாமா என்று நீதிபதியிடம் கேட்டாள்.

தீர்ப்பு இவர் பக்கம் வந்தது. கையில் வாங்கி டோக்கன் கொடுத்த பின் பொறுப்பு நிர்வாகத்தையே சேரும், அறிவிப்புப் பலகை அதை நீக்காது, புதுக் காலுக்கு ஆகும் செலவை நிர்வாகமே ஏற்கவேண்டும். மைத்துனன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனான். லாரி ஆபீஸில் டிரைவர்கள் கைதட்டினார்கள். கொக்கு ஒருவழியாக மீனைப் பிடித்துவிட்டது என்றார்கள்.

பொறுமைசாலி மறுபடி அச்செடுத்தார். புண் ஆறி, புதுக் கால் பழகி, அவர் குளத்துக்குப் போகும்போது வெயில் காலம் பிறந்திருந்தது. முதல் காரியமாக அக்காவுக்கு நன்றி சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனார்.

கவுண்டர் இருந்த இடத்தில் இரும்புப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவரவர் பொருளை அவரவரே வைத்துப் பூட்டி, சாவியை அவரவரே வைத்துக்கொள்ள வேண்டும். யாரும் யார் கையிலிருந்தும் எதையும் வாங்கமாட்டார்கள். எந்தப் பெட்டியிலும் ஒரு கால் போகாது. குறுக்கே வைத்துப் பார்த்தார், நெடுக்கே வைத்துப் பார்த்தார். வாசலில் இருந்த புது ஆள் மரியாதையாக ஒரு விதியைப் படித்துச் சொன்னான். செயற்கை உறுப்பு உள்ளவர்கள் பாதுகாப்பு கருதி ஒரு துணையோடுதான் வரவேண்டும், உறுப்பு அந்தத் துணையின் கையிலேயே இருக்கவேண்டும். மனைவிக்கு மருந்துக் கடை. மைத்துனனுக்குக் கோர்ட். யார் வந்து அவருடைய காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்?

"டோக்கன் அக்கா எங்க?" என்று கேட்டார்.

கவுண்டரே இல்லையே சார், அக்கா மட்டும் எதற்கு என்றான் அவன்.

அன்று அவர் நீந்தவில்லை. நேரே அந்த மாடிக்குப் போனார். புதுக் காலில் படி ஏறுவது சுலபமாக இருந்ததே அவருக்குக் கூச்சமாக இருந்தது. அக்கா கதவைப் பாதி திறந்து நின்றாள். உள்ளே வரச்சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். மகள் படிப்பை நிறுத்திவிட்டுத் துணிக்கடையில் நிற்கிறாள்.

வக்கீலம்மாவிடம் பேசுகிறேன், உங்களை நிறுத்தியது தப்பு, அதற்கும் சட்டம் இருக்கிறது என்று கொக்கு படபடவென்று சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இருக்கும்ணே. அதுக்கு ஒரு சாட்சி வேணும்ல? அங்க வேலை செய்யறவங்க யாரு வந்து சொல்வாங்க?"

கொக்கு குனிந்து புதுக் காலைப் பார்த்தார்.

"கால் நல்லா அமைஞ்சுதா?" என்று கேட்டாள் அவள். அமைந்தது என்றார். நல்லது என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தவில்லை. அதுதான் அவரை அதிகமாகச் சுட்டது.

சும்மா இருந்துவிடவில்லை அவர். முதலாளியிடம் போய், பார்சல் ஆபீஸில் ஒரு வேலை போட்டுத் தரமுடியுமா, நம்பிக்கையான பெண், கையில் கொடுத்ததைக் கண்ணாகப் பார்த்துக்கொள்வாள் என்று கெஞ்சினார். யார் அந்தப் பெண் என்று முதலாளி கேட்டார். தெரிந்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தன் முதலாளிக்கு எதிராகவே சாட்சிக்கூண்டில் ஏறினவளையா என்று கேட்டார். உன்னைத் திரும்ப எடுத்துக்கொண்டதே பெரிசு, அதோடு நில் என்றார். கொக்கு நின்றார். தெரிந்த இரண்டு மூன்று இடங்களில் கேட்டார், எல்லோரும் பார்க்கலாம் என்றார்கள். பிறகு அவரும் கேட்பதை விட்டுவிட்டார். ரசீது எழுதினார், எடை போட்டார். உடம்பு மறுபடி ஊதத் தொடங்கியது. தீர்ப்பைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் பஸ்ஸில் அவளைப் பார்த்தார். கூட்டம் நெரிந்தது. கம்பியைப் பிடித்துத் தடுமாறிக்கொண்டிருந்தவரின் கையை யாரோ தொட்டார்கள். அக்கா. ஜன்னலோர சீட்டில் இருந்து எழுந்து நின்றாள். ஆஸ்பத்திரிச் சீருடை, விரல்களெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

"உக்காருங்கண்ணே."

"வேண்டாம்க்கா, நீங்க உக்காருங்க. இப்பத்தானே வேலை முடிஞ்சு வர்றீங்க."

"அந்தக் காலோட நிக்கமுடியாது. உக்காருங்க."

பின்னாலிருந்து ஆட்கள் தள்ளினார்கள். உட்கார்ந்தார். அவள் அவர் தலைக்கு மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் திரும்பும்போதெல்லாம் அவளுடைய பை அவர் தோளில் இடித்தது. பையையாவது கொடுங்கள், மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினார்.

"பரவால்லண்ணே, நானே வச்சுக்கறேன்" என்றாள் அவள்.